கல்யாணக் களை

என் தங்கை கல்யாணத்துச் சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் திருப்புலிவனத்தில் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். உத்திரமேரூர் மண்டபத்தில் பந்தி மேல் பந்தியாக ஓடியது. கடைசியில் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த வேன் டிரைவர்களுக்கும் வடை இருந்தது. பந்தி விசாரிக்கத் தனியாக ஆள் வைக்காமல் நானே நின்று பார்த்தேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மேடம். அவள் புருஷன் தமிழரசன் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில், நான் என் தங்கையை அவன் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிவிட்டேன் என்று எழுதியிருக்கிறானாம். கை கழுவுகிறவன் கடைசிப் பந்திவரை நிற்க மாட்டான்.

நீங்கள் 'ஏன், ஏன்' என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் ஏன் என்பது புரியும். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். ஆகவே நான் சொல்லி முடிக்கிறேன்.

என் பெயர் வேதகிரி. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கும் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா போனபோது சுபாஷ்ரீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். வாய்தான் அண்ணா என்று கூப்பிடும். மற்றபடி அவளுக்கு நான் அப்பா ஸ்தானம். காஞ்சிபுரத்தில் காலேஜில் சேர்த்தேன். படித்து முடித்து உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகப் போனாள். என் மனைவி பிருந்தாவோடு ஒருநாள் சண்டை கிடையாது. என் மகள் பாதி நேரம் அத்தை மடியில்தான் கிடப்பாள். நல்ல குடும்பம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். வியாதி வருகிறவரை எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பம்தான்.

முதலில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவினோம். பிறகு விட்டு விட்டு ஜுரம், பாய் நனைகிற அளவுக்கு வேர்வை, போட்ட ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிகிற மெலிவு. காஞ்சிபுரத்தில் பார்த்தவர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு லிம்போமா என்றார்கள். நெறிக்கட்டிகளில் வருகிற புற்றுநோய். அதிலும் வேகமாக வளர்கிற வகை. பெரிய டாக்டர் ஒரு அம்மாள், நிதானமாகப் பேசுகிறவர்.

"வேகமா வளர்ற வகைன்னதும் பயப்படாதீங்க. வேகமா வளர்றது மருந்துக்கும் வேகமா கரையும். பத்துப் பேர்ல ஆறு பேருக்கு முதல் வைத்தியத்துலயே குணமாயிடுது" என்றார். நோயாளியை உள்ளே கூப்பிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே சொல்வார்கள். ஆனால் அவளே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனுக்கு இன்னா வந்துகீதுன்னு எனுக்குத் தெரியணும்ணா. நான் சின்னப் புள்ள இல்ல."

அவள் குணம் அது. மருந்தின் பெயரெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எந்த பாட்டில் ஏறுகிறது என்று நர்ஸிடம் அவளே சரிபார்ப்பாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். உத்திரமேரூரில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். போகும்போது பேசிக்கொண்டு வருவாள். திரும்பும்போது என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடி வருவாள். பையை நான்தான் மாற்றுவேன். வீட்டுக்கு வந்தால் கஞ்சி காய்ச்சுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது, பக்கெட் கழுவுவது எல்லாம் நான். முடி கொட்டத் தொடங்கியதும் அவள் தலையை நானே மழித்தேன். என்னைப் பற்றி நீங்கள் முடிவுக்கு வருவதற்கு முன்னால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு அண்ணன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். "சுபா எப்டி கீது? சோறு துன்னுதா?" டீக்கடையில், ரேஷன் கடையில், பஸ் ஏறும்போது, இறங்கும்போது. 'நீ எப்டி கீற வேதகிரி' என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அதை எதிர்பார்த்து நான் எதையும் செய்யவில்லை. இருந்தாலும் கவனித்தேன்.

வைத்தியம் பாதியில் இருக்கும்போது என் மகளுக்கு அம்மை போட்டது. சுபாவுக்கு ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கியிருந்த நேரம். குழந்தை பக்கத்திலேயே வரக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிருந்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரிக்கையில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வருவதாகச் சொல்லித்தான் போனாள். வரவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டாள். நான் போய்க் கூப்பிட்டபோது அவள் கோபப்படவில்லை.

"சுபா மேல எனுக்கு ஒண்ணும் இல்லீங்க. அது நல்லாகணும்னுதான் நானும் வேண்டிக்கினு கீறேன். ஆனா அந்த வூட்ல எப்பப் பாத்தாலும் டெட்டால் வாசன. கொயந்த சிரிச்சாகூட 'சத்தம் போடாத'ன்றீங்க. அது ஒரு நல்ல எடத்துல வாய்க்கப்பட்டுப் போவட்டும். மறுநாள் நான் வந்துடறேன்."

நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருக்கிற பேச்சுக்குப் பதில் சொல்வது கஷ்டம். கம்பெனியிலும் என்னை நிரந்தர ரூட்டிலிருந்து எடுத்துவிட்டு, யாராவது வராவிட்டால் கூப்பிடுகிற ஆளாக வைத்தார்கள். அதுவும் நியாயம்தான். அந்த ஆண்டு முழுக்க எல்லோரும் என்னிடம் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். காப்பீட்டில் பெரும்பாலும் ஓடிவிட்டது. அது காரணமே இல்லை.

கடைசி ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்தது. சுபா ரயிலில் பக்கத்து சீட்டுக் கிழவிக்கெல்லாம் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். டாக்டரம்மா மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்: "திரும்பி வந்தா பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள்ளதான் வரும். அதத் தாண்டிட்டா நாம நிம்மதியா இருக்கலாம்." நாம என்று சொன்னார். அந்த இரண்டு வருஷமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுபா அப்படி இல்லை. முடி மறுபடி முளைத்தது. முன்பு நீளமாக இருந்தது இப்போது சுருள் சுருளாக வந்தது. கண்ணாடி முன்னால் நின்று அதையே இழுத்து இழுத்து விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனாள்.

தமிழரசன் என் பஸ்ஸில் வருகிறவன். அதே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். திருமுக்கூடல்காரன், பழையசீவரத்தில் ஏறி எனக்குப் பக்கத்தில் எஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொள்வான். வைத்தியம் நடந்தபோது சுபாவுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் அவனும் ஒருவன். அப்படித்தான் அவளைப் பார்த்தது. பிறகு அவனாகவே என்னிடம் வந்து, அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். நான் எதையும் மறைக்கவில்லை, மேடம். வியாதியின் பெயர், வைத்தியம், டாக்டர் சொன்ன இரண்டு வருஷக் கெடு, எல்லாவற்றையும் அவனிடமும் அவன் அம்மா கோவிந்தம்மாளிடமும் சொன்னேன். அந்த அம்மாளும் மோசமானவர் இல்லை.

"தப்பா நெனச்சிக்காத தம்பி. எனுக்கு இவன் ஒத்தப் புள்ள. அந்த ரெண்டு வருசம் தாண்டட்டும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, சுத்தமா கீதுன்னா மாசியில முடிச்சிடலாம்."

மண்டபத்துக்கு முன்பணம் கட்டினோம். பிருந்தாவுக்குப் போன் செய்து தேதி சொன்னேன். குழந்தைக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் விசாரிக்கச் சொன்னாள். எனக்கு நிரந்தர ரூட் திரும்பக் கிடைத்தது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதனதன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு எல்லாம் பறிபோய், பிறகு எல்லாம் திரும்பி வருகிறது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

பொங்கல் முடிந்த வாரம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, கையத் தூக்கினா அக்குள்ல இன்னாமோ தட்டுப்படுது. தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு. எனக்குப் பழக்கமான உருளை. ஒன்றும் இருக்காது, எப்படியும் ஸ்கேன் எடுக்கத்தானே போகிறோம் என்றேன். இரண்டு பேரும் போய் எடுத்துவிட்டு வந்தோம். முடிவு கேட்கப் போகிற நாளில் அவள் பள்ளியில் ஆண்டு விழா. நானே போய்க் கேட்டுவருகிறேன், நீ குழந்தைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடு என்றேன். நான் அப்போது எந்தத் திட்டமும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லவில்லை.

டாக்டரம்மா என்னைத் தனியாகப் பார்த்ததும், அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நான் கெஞ்சியதால் சொன்னார்.

"திரும்பி வந்திருக்கு. அக்குள்லயும் வயித்துக்குள்ளயும் தெரியுது. துண்டு எடுத்து உறுதி பண்ணிட்டு உடனே ஆரம்பிக்கணும். இந்தத் தடவை மருந்து இன்னும் கடுமை. அதுக்குக் கட்டி கரைஞ்சா, அவங்க ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல் எடுத்து வச்சி, பெரிய டோஸ் குடுத்துட்டு அதத் திருப்பி ஏத்துவோம். மாசக் கணக்குல ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்க வேண்டிவரும்."

"பொழைக்குமாம்மா?"

"முதல் தடவை மாதிரி சொல்ல முடியாது. ஆனா முதல் வைத்தியம் ஒரு வருஷத்துக்கு மேல தாங்கியிருக்கு, சின்ன வயசு, அதெல்லாம் நல்லது. பத்துல நாலு பேராவது மீண்டு வர்றாங்க."

"மாசியில கல்யாணம் வெச்சிகீறோம். முடிச்சிட்டு வரலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இது காத்திருக்கிற வியாதி இல்ல. தள்ளிப்போட்டா அந்த நாலும் இல்ல. அவங்ககிட்ட நான் பேசணும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

ரயிலில் உட்கார்ந்து வந்தேன். நான் அழவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பவும் அந்தப் பை, அந்த பக்கெட், டெட்டால். திரும்பவும் டீக்கடையில் 'சுபா எப்டி கீது'. மாதக் கணக்கில் சென்னையில் ஒரு ரூம். பஸ்ஸின் சாவியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஓரிக்கையில் என் மகள் எனக்குத் தெரியாமல் வளர்வாள். இவ்வளவும் எதற்கு? பத்தில் நாலுக்கு. முழு நாலுகூட இல்லை. 'நாலு பேராவது' என்றார். நான் டிரைவர். பத்துத் தடவை போனால் ஆறு தடவை கவிழ்கிற ரோட்டில் யாராவது வண்டியை விடுவானா? செங்கல்பட்டு நெருங்கி, கொளவாய் ஏரி தண்ணீர் ஜன்னலில் தெரிந்தபோது எனக்கு மனசு தெளிவாகிவிட்டது.

அவள் ஆண்டு விழா முடிந்து, முகத்தில் பவுடரோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாண்ணா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. சளிக்கு நெறி கட்டிகீது. மாத்திர குடுத்துகீறாங்க. மத்தபடி சுத்தம்."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வியாதிக் காலம் முழுக்க அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுதாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்தது நான். டாக்டர் வாயால் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்குமா?

மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். முதல் தடவை வைத்தியம் தொடங்குவதற்கு முன்னால் சில நாள் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டதும் கழுத்துக் கட்டி பாதியாக வற்றிப்போனது. நாங்கள் சந்தோஷப்பட்டபோது டாக்டரம்மா சொன்னார்: "இது அடக்கி வைக்கும், அவ்வளவுதான். குணப்படுத்தாது." அது என் நினைவில் இருந்தது. பழைய சீட்டைக் காட்டி ஊருக்கு ஊர் வேறு வேறு மெடிக்கலில் வாங்கினேன். அட்டையில் பெயர் இருந்தால் அவள் படித்துவிடுவாள். அதனால் பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். நெறிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று சொன்னேன். நர்ஸ் கையில் இருக்கிற பாட்டிலைச் சரிபார்க்கிறவள், என் கையில் இருந்ததை ஒருநாளும் எதுவும் கேட்காமல் வாங்கி விழுங்கினாள்.

மாத்திரை வேலை செய்தது. அக்குள் கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவுக்குப் போனது. ஜுரம் நின்றது. பசி எடுத்தது, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். கன்னம் உப்பி, முகம் வட்டமாகப் பளபளவென்று ஆகிவிட்டது. அந்த மாத்திரை முகத்தை அப்படி ஆக்கும். புடவை கொடுக்க வந்த கோவிந்தம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பாரு தம்பி, பொண்ணுக்குக் கல்யாணக் கள வந்துடுச்சி. ஸ்கேன் சுத்தம்தான?"

"சுத்தம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர்களிடம் இருந்தது என் நம்பர் மட்டும்தான். வேறு இடத்தில் பார்க்கிறோம் என்றேன். பிறகு டாக்டரம்மாவே பேசினார். "அவங்க உயிர், முடிவு அவங்க எடுக்கணும். போனை அவங்ககிட்ட குடுங்க" என்றார். சுபா அப்போது பக்கத்து அறையில் ஜாக்கெட் அளவு பார்த்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். நான் வெளியே இருப்பதாகச் சொல்லிவிட்டு, அதன்பிறகு அந்த நம்பரை எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தமிழரசன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வாலாஜாபாத் அருகே கேட் போட்டிருந்தார்கள். எஞ்சினை நிறுத்தினேன். அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணா, அம்மா ஸ்கேன் ஸ்கேன்னு சொல்லிக்கினு இருந்துச்சி. நீங்க அத மனசுல வெச்சிக்காதீங்க. எனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடயாது. நாளைக்கே திரும்பி வந்தாகூட நான் அது பக்கத்துல ஆஸ்பத்திரில குந்திக்கினு இருப்பேன். சுபாகிட்டயும் சொல்லிட்டேன்."

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. நீளமான வண்டி. சொல்வதற்கு நேரம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இளைஞர்கள் பேசுவதெல்லாம் பேச்சுத்தான். முதல் பை மாற்றுகிறவரை பேசுவார்கள். மேலும், அவன் அம்மாவிடம் சொல்வான், தேதி தள்ளிப்போகும், சுபா என் வீட்டிலேயே இருப்பாள். பிருந்தா ஏற்கனவே குழந்தையின் டி.சி. வாங்கிவிட்டாள். கேட் திறந்தது. வண்டியை எடுத்தேன்.

மாசிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. பிருந்தா முன்தினமே குழந்தையோடு வந்து, அண்ணி முறைக்கு எல்லாம் எடுத்துச் செய்தாள். சுபா தாலி கழுத்தோடு என் காலில் விழுந்து எழுந்தபோது, "நீ இல்லன்னா நான் இல்லண்ணா" என்றாள். பந்தியில் நின்ற என்னைத் தேடி வந்து சொன்னாள். பிருந்தா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்றைக்கு என் மகள் என் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்கினாள். நான் அசையாமல் படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் திருமுக்கூடலுக்குப் போவேன். வாழைப்பழம், மல்லிகைப்பூ, அந்த டப்பா. கை கழுவிவிட்டேன் என்று எழுதியிருக்கிறானே, ஒரு வாரம்கூட நான் போகாமல் இருந்ததில்லை. சித்திரைவரை சரியாகத்தான் இருந்தது. பிறகு மாத்திரைக்குக் கட்டி கேட்கவில்லை. கழுத்து, அக்குள், இடுப்பு மடிப்பு எல்லா இடத்திலும் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டரைப் பார்க்கலாமா என்று தமிழரசன் கேட்டான். வெயில் ஜுரம், வைரல், எல்லாருக்கும் சுற்றுகிறது, ஒரு வாரம் பொறு என்றேன். ஒரு வாரம் பொறுத்தான். பெரியவன் சொல்கிறேன் என்பதற்காகப் பொறுத்தான். அப்புறம் என்னிடம் சொல்லாமல் கார் பிடித்து, அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான்.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் கேட்டிருக்கிறார்: "தையிலயே திரும்பி வந்துடுச்சின்னு சொன்னேனேம்மா. ஏன் வரவே இல்ல?" சுபா தன் புருஷன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

நான் போனபோது அவன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. "மச்சான், உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே சுபா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். மூக்கில் குழாய். உப்பின கன்னத்துக்கு மேல் கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

"யாருக்காகண்ணா?"

"உனுக்காகத்தான் சுபா. நீ ஒரு கல்யாணம் காச்சியப் பாத்து, நாலு நாள் சந்தோசமா இருக்கணும்னுதான்."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் உன்கிட்ட கல்யாணத்தக் கேக்கலியேண்ணா. இன்னா சொன்னாங்கன்னுதான கேட்டேன்."

வைத்தியம் தொடங்கிப் பார்த்தார்கள். அந்தக் கடுமையான மருந்துதான். நெஞ்சுக்குள் நீர் கோத்துவிட்டது, சிறுநீரகம் தாங்கவில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். பத்தில் எத்தனை என்று தமிழரசன் கேட்டான். இப்போது அந்தக் கணக்குச் சொல்கிற நிலை இல்லை என்றார் டாக்டரம்மா. தமிழரசன் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. பையை அவன்தான் மாற்றினான். நான் போனால் சுபா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வியாதிக்காரர்கள் அப்படித்தான், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனி மாதம் அவள் போய்விட்டாள். கொள்ளியைத் தமிழரசன் வைத்தான். என்னைக் கிட்டே வரவிடவில்லை. அது முறையில்லை என்றுதான் எனக்கு இன்னமும் படுகிறது.

ஆக, நீங்கள் எழுத வேண்டியது இதுதான். வியாதி திரும்பி வந்தது எனக்குத் தை மாதமே தெரியும். அவளிடம் மறைத்தேன். மருந்து என்று சொல்லி, மருந்தில்லாததைக் கொடுத்தேன். வைத்தியம் கேட்கக்கூடிய நாட்களை எல்லாம் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இதை யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை. ஆனால் கொன்றான் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடாதீர்கள். டாக்டரே சொன்ன கணக்கு இருக்கிறது. பத்தில் ஆறு பங்கு அவள் எப்படியும் போகிறவள். அது வியாதியின் கணக்கு. என் பேரில் எழுதுவதானால் மீதி நாலை மட்டும் எழுதுங்கள். அதுதான் நியாயம்.

பிருந்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் மனசில் அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. தமிழரசன் புகார் கொடுத்ததிலிருந்து அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமைக்கிறாள், போடுகிறாள். போன வாரம் என் மகளுக்குச் சளி பிடித்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வருவதுதான். பிருந்தா அவளைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய், ரத்தம் எடுத்து, டாக்டரிடம் காட்டி, ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. மகள்தான் சாப்பிடும்போது வாய் தவறிச் சொன்னாள்: "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதன்னு அம்மா சொல்லிச்சிப்பா."

எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. நான் அவளுக்கு அப்பன். உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தை, அதுவும் இப்படிப்பட்ட விஷயத்தை, ஒரே வீட்டுக்குள் இருக்கிற மனிதனிடம் மறைக்கலாமா, மேடம்? எப்படி மனசு வருகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.